லயக்கூரையும் காபன் கணக்கும்

கொட்டகலையின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் தேயிலையிலிருந்தே தொடங்குவர். அங்கு வாழ்ந்த மக்களின் வரலாற்றையோ அவர்கள் தங்கிய கூரையிலிருந்து தொடங்குவதே பொருந்தும். ஹட்டனுக்கும் தலவாக்கலைக்கும் இடையே, ஏறத்தாழ 4,000 அடி உயரத்தில் அமைந்த இவ்வூரைச் சூழ்ந்த தோட்டங்களில், பழைய லயங்கள் இன்றும் மக்கள் குடியிருக்கும் இடங்களாகவே உள்ளன.

கோப்பிக் காலத்து லயங்கள் மண்ணாலும் புல்லாலும் ஆனவை. 1869இல் கோப்பியிலை நோய் தோன்றிப் பின்னர் அப்பயிரை அழித்தது; தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. 1885இல் புகையிரதப் பாதை நானுஓயாவை எட்டியபின், பாரமான பொருள்களை மலையேற்றுவது எளிதாயிற்று. கல்லும் சுண்ணாம்பும் தகரமும் கொண்ட நீண்ட லயங்கள் நிலைபெற்றன. பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான ஒரு காம்பிராவும் அதன் முன்னே சிறியதோர் இஸ்தோப்பும் ஒரு குடும்பத்தின் உலகமாயின.

1912ஆம் ஆண்டின் நோய்கள் (தொழிலாளர்) கட்டளைச்சட்டம் லயங்களைச் சுகாதாரமாக வைத்திருக்கும் பொறுப்பைத் தோட்ட நிருவாகத்தின்மேல் சுமத்தியது. கட்டடம்பற்றிய அரசாங்கக் கொள்கையின் தொடக்கங்களுள் அதுவும் ஒன்று. எனினும் அதன் கவலை நோயைப் பற்றியது. குடும்பத்தின் மனையுரிமையைப் பற்றியதன்று.

இன்று கட்டடங்களுக்குக் காபன் கணக்குப் பார்க்கப்படுகிறது. அக்கணக்கை அந்த லயத்திற்கு இட்டால், அது மிகக் குறைந்த தொகையையே காட்டும். சிமிழ் போன்ற அறையில் ஐவர் அறுவர் உறங்கினால், ஆளொருவருக்கு விழும் காபன் அற்பமே. ஆயின் அச்சிறுமை சிக்கனத்தால் வந்ததன்று, இல்லாமையால் வந்தது. இல்லாமையைச் சிக்கனம் என்று பெயரிட்டு மெச்சும் கணக்கு நேர்மையான கணக்காகாது.

மாற்றம் மெதுவாகவே வந்தது. 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி, ஊவா மாகாணத்தின் கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. மலைநாட்டு வீடு எங்கே நிற்கவேண்டும் என்னும் கேள்வியை நாடெங்கும் அது எழுப்பியது. தோட்டப்பகுதிகளுக்கு இந்திய உதவியால் 4,000 வீடுகள் கட்டும் திட்டம் 2016இல் தொடங்கிற்று. 2017 மே மாதம் நோர்வூட்டில் உரையாற்றிய இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். ஏழு பேர்ச்சஸ் காணியில் தனிவீடு என்பது, லயத்தில் பிறந்தவருக்குக் கூரையன்று, முகவரி.

இவ்வீடுகளுக்குச் சீமெந்து வேண்டும். சுண்ணாம்புக்கல்லை ஏறத்தாழ 1,450 பாகை வெப்பத்தில் சுட்டே சீமெந்தின் மூலப்பொருளான கிளிங்கர் பெறப்படுகிறது. எரிபொருளின் புகையை விட்டுவிட்டாலும், ஒரு தொன் கிளிங்கருக்கு அக்கல்லிலிருந்தே அரைத் தொன் அளவு காபனீரொட்சைட்டு வெளியேறும். 2050இல் காபன் சமநிலை எய்துவதாக 2021இல் உறுதி கூறிய இலங்கை, இதனைப் புறக்கணித்தல் இயலாது.

கணக்கிடும் முறை கடினமன்று. ஒவ்வொரு பொருளின் எடையையும் அதற்குரிய உமிழ்வு அளவால் பெருக்கி, அதை மலையேற்றும் லொறியின் எரிபொருளையும் கூட்டவேண்டும். சரிவை வெட்டி எழுப்பும் தாங்குசுவரையும் மறத்தலாகாது. இடத்தைச் சரியாகத் தேர்ந்தால், உயிரும் காக்கப்படும், சீமெந்தும் மிஞ்சும்.

வழியும் உண்டு. மேல்மண்ணை நீக்கி, அடிமண்ணுடன் சிறிதளவு சீமெந்து கலந்து, அழுத்தி எடுக்கும் மண்கல்லைச் சூளையில் சுடவேண்டியதில்லை. இலங்கைக் கட்டளைகள் நிறுவனம் 2009இல் அதற்குத் தரம் வகுத்தது. புதுச்சேரிக்கு அருகே ஆரோவில்லில் 1989இல் தோன்றிய மண் கட்டட நிறுவனம் கொத்தர்களுக்கும் பொறியியலாளர்க்கும் இவ்வித்தையைக் கற்பித்து வருகிறது. மலைநாட்டிலோ ஒரு நிபந்தனை உண்டு: கல்லுக்காகச் சரிவைத் தோண்டலாகாது, மனை சமன்செய்கையில் கிடைக்கும் மண் தகுதியானதா எனச் சோதித்தே கொள்ளவேண்டும்.

ஆயினும் மண்சுவர் என்றதும் லயத்து மக்கள் முகஞ்சுளித்தால் அது அறியாமையன்று, அனுபவம். “எங்களுக்கு மறுபடியும் மண்ணா?” என்னும் கேள்விக்குக் கொள்கை விடை கூறியாக வேண்டும். ஆசிரியர் விடுதியும் வைத்தியசாலையும் தோட்ட அலுவலகமும் முதலில் அக்கல்லால் எழும்புமாயின், அதுவே தக்க விடை. துரையின் பங்களாவுக்கு ஒரு பொருளும் தொழிலாளியின் வீட்டுக்கு வேறொரு பொருளும் என்ற பழைய வழக்கம் புதுப்பெயருடன் திரும்பிவிடக் கூடாது.

பயிற்சி என்பது கொட்டகலைக்குப் புதிதன்று. இவ்வூரின் ஆசிரியர் கலாசாலையும், பத்தனையிலுள்ள ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியும் தோட்டத்துப் பிள்ளைகளை ஆசிரியர்களாக்கியுள்ளன. அதே மலையில் கொத்தரும் தச்சரும் கணக்கிடுவோரும் உருவாதல் கூடும். அவர்கள் கையால் எழும் வீட்டில் காபன் குறைந்திருக்கவேண்டும். அறையும் வெளிச்சமும் காணி உறுதியும் குறைந்திருத்தல் ஆகாது.