அடுத்தவர் பாட்டு, தன் பெயர்: ஹிப்-ஹாப் மிக்ஸ்டேப்புகளின் கதை

முதலில் ஒரு ஒப்புதல் வாக்குமூலம். கல்லூரியில் சேர்ந்த புதிதில் நண்பன் ஒருவன் பென் டிரைவில் ஒரு ஃபோல்டர் நிறைய ஹிப்-ஹாப் பாடல்கள் கொடுத்தான். கேட்க ஆரம்பித்தால், நல்ல நல்ல இடங்களில் எல்லாம் ஒரு ஆள் குறுக்கே புகுந்து தன் பெயரைச் சொல்லிக் கத்துகிறார். ஒரு பாட்டு முடிவதற்குள் அடுத்த பாட்டு மேலே ஏறிவிடுகிறது. "யாருடா இது, பாட்டைக் கேக்க விடாம..." என்று திட்டிக்கொண்டே, ஒவ்வொரு பாட்டுக்கும் 'சுத்தமான' பதிப்பைத் தேடி இறக்கிக்கொண்டேன். அந்த ஃபோல்டரை அழித்தும் விட்டேன்.

நான் அழித்தது ஒரு டிஜேவின் மிக்ஸ்டேப் என்பதும், கத்தியவர்தான் அதைத் தயாரித்தவர் என்பதும் பிறகுதான் தெரிந்தது!

படிப்பது வணிகவியல் என்பதால் எனக்கு எழுந்த கேள்வியும் வியாபாரக் கேள்விதான். பாட்டை எழுதிப் பாடியவர் ஒருவர். இசையமைத்தவர் இன்னொருவர். பணம் போட்டது ரெக்கார்டு கம்பெனி. அப்படியிருக்க, அட்டையில் தன் பெயரைப் போட்டுக்கொள்ளும் டிஜே இதில் என்னதான் சேர்த்தார்? ரசிகர்கள் எதை வைத்து "இது நல்ல டேப், அது மட்டமான டேப்" என்று சொன்னார்கள்? இதற்கு ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வொரு பதில் இருந்திருக்கிறது. அந்தப் பதில்களின் வரலாறுதான் இந்தக் கட்டுரை.

பார்ட்டியில் பிறந்த கேசட்

1973 ஆகஸ்ட் 11. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், செட்விக் அவென்யூ 1520 என்ற அடுக்குமாடிக் கட்டடத்தில் ஒரு பார்ட்டி. தட்டு சுழற்றியவர் ஜமைக்காவில் பிறந்த 18 வயது கிளைவ் கேம்பெல். டிஜே கூல் ஹெர்க் என்றால்தான் தெரியும். பாட்டின் நடுவில் பாட்டுக்குரல் நின்று தாளம் மட்டும் ஒலிக்கும் இடத்தில்தான் கூட்டம் அதிகமாக ஆடுகிறது என்பதை அவர் கவனித்தார். அதனால் ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை வைத்துக்கொண்டு, அந்தச் சில விநாடித் தாளத்தையே மாற்றி மாற்றி ஓட்டி நீட்டினார். ஹிப்-ஹாப் இசையின் ஆரம்பம் என்று பொதுவாகச் சொல்லப்படுவது இதைத்தான்.

அப்போது ராப் இசைத்தட்டு என்று ஒன்றே கடையில் கிடையாது. முதல் பெரிய ராப் வெற்றியான 'ராப்பர்ஸ் டிலைட்' வந்ததே 1979இல்தான். இடைப்பட்ட ஆறு வருடங்களும் அந்த இசையை வீட்டுக்கு எடுத்துப் போக ஒரே வழி, பார்ட்டியைப் பதிவு செய்த கேசட். அது கைக்குக் கை மாறியது. கார்களிலும் வாடகை டாக்சிகளிலும் ஒலித்தது. கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் இதையே ஒரு தொழிலாக்கினார். கேட்பவருக்கென்று தனியாக டேப் தயாரித்து, நிமிடத்துக்கு ஒரு டாலர் என்று விலை வைத்தார். ஒரு மணி நேர டேப் 60 டாலர்! அந்தக் காலத்துக்கு அது சின்னத் தொகை இல்லை.

அப்போது ரசிகர்கள் பார்த்தது ஒலித் தரத்தை அல்ல. கூட்டத்தின் இரைச்சல், மைக்கின் கரகரப்பு எல்லாம் இருக்கத்தான் செய்தன. அன்றைய இரவு எப்படி இருந்தது, டிஜே கூட்டத்தை எப்படிப் பிடித்து வைத்திருந்தார் என்பதுதான் அளவுகோல்.

கைவேலையின் காலம்

1980களின் பிற்பகுதியில் மிக்ஸ்டேப் பார்ட்டியை விட்டு வீட்டுக்கு வந்தது. டிஜே தன் அறையில் உட்கார்ந்து, டேப்புக்காகவே பாட்டுகளைக் கோத்தார். ஹார்லெமின் புரூசி பி, பிராங்க்ஸின் கிட் காப்ரி போன்றவர்கள் இதில் பெயர் வாங்கினார்கள். கிட் காப்ரியின் '52 பீட்ஸ்' (1989) இன்றும் பேசப்படும் டேப்.

இங்கே ரசிகர்களின் காது கூர்மையானது. கோப்பது என்றால் என்ன என்று கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பாட்டில் நிமிடத்துக்கு 90 தாள அடிகள், அடுத்த பாட்டில் 96 என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் அப்படியே சேர்த்து ஓட்டினால் சில விநாடிகளிலேயே தாளம் முட்டிக்கொள்ளும். முதல் பாட்டைச் சுமார் 6.7 சதவீதம் வேகப்படுத்தினால் இரண்டும் ஒன்றாக நடக்கும். டிஜேக்கள் விரும்பிய டெக்னிக்ஸ் எஸ்.எல்.-1200 எம்.கே.2 டர்ன்டேபிளில் வேகத்தை 8 சதவீதம் வரை கூட்டவோ குறைக்கவோ ஒரு நகர்த்தி உண்டு. இதைக் காதால் மட்டுமே கேட்டு, நேரலையாக, 90 நிமிட கேசட்டின் இரண்டு பக்கமும் செய்ய வேண்டும். நடுவில் தப்பு வந்தால் பல சமயம் முதலிலிருந்துதான்.

1990களின் ஆரம்பத்தில் ஹார்லெமின் ரான் ஜி இன்னொரு படி மேலே போனார். ஒரு பாட்டின் குரலை மட்டும் எடுத்து, வேறொரு பாட்டின் தாளத்தின் மேல் உட்கார வைத்தார். இதற்கு 'பிளெண்ட்' என்று பெயர். காதல் பாட்டுக் குரல் முரட்டு ஹிப்-ஹாப் தாளத்தில் வந்து விழும்போது, இரண்டுமே புதிய பாட்டாகிவிடும். பாட்டு அடுத்தவருடையதுதான். ஆனால் அந்தச் சேர்க்கை டிஜேயுடையது. இந்தக் காலத்து ரசிகரிடம் "டிஜே என்ன சேர்த்தார்?" என்று கேட்டிருந்தால் யோசிக்காமல் கையைக் காட்டியிருப்பார்.

கை போய் 'கை இருப்பு' வந்தது

1990களின் நடுவில் குவீன்ஸ் பகுதியைச் சேர்ந்த டிஜே க்ளூ வந்தார். அவருடைய பலம் தட்டு சுழற்றுவது அல்ல. இன்னும் வெளிவராத பாட்டு அவரிடம் இருக்கும், வேறு யாரிடமும் இருக்காது! ஆல்பம் வருவதற்கு வாரக்கணக்கில், மாதக்கணக்கில் முன்பே அதன் பாட்டு க்ளூவின் டேப்பில் வந்துவிடும்.

என்னை எரிச்சல்படுத்திய அந்தக் கத்தலின் காரணமும் இங்கேதான் இருக்கிறது. அரிய பாட்டை அப்படியே விட்டால் அடுத்த டிஜே அதை எடுத்துத் தன் டேப்பில் போட்டுவிடுவார். பாட்டின் மேல் தன் பெயரைக் கத்திவிட்டால் போட முடியாது. கிட்டத்தட்ட ரூபாய் நோட்டில் நீர்க்குறி போடுவது மாதிரி.

பழைய ரசிகர்கள் கொதித்தார்கள். "இவர் மிக்ஸே செய்வதில்லையே, பாட்டைப் போடுகிறார், கத்துகிறார், அவ்வளவுதானே" என்பது அவர்கள் குற்றச்சாட்டு. அது பொய்யும் இல்லை. ஆனால் அந்தச் சமயம் கேசட் போய் சிடி வந்துகொண்டிருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். கேசட்டில் பிடிக்காத பாட்டைத் தாண்டுவது தொல்லை. அதனால் முழுவதும் கேட்டார்கள், ஒரு பாட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் பாலம் முக்கியமாக இருந்தது. சிடியில் ஒரு பொத்தானை அழுத்தினால் அடுத்த பாட்டு. பாலத்தைக் கேட்கவே ஆள் இல்லாதபோது அதை யார் பார்த்துப் பார்த்துக் கட்டுவார்கள்? ஊடகம் மாறியதும் அளவுகோல் மாறியது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

1998இல் க்ளூவின் 'தி புரொஃபஷனல்' ஆல்பம் முறையான கம்பெனி வெளியீடாகவே வந்து பிளாட்டினம் சான்றிதழ் பெற்றது. தெருவில் விற்ற பெயருக்குக் கடையிலும் விலை இருந்தது.

ஹூஸ்டனில் ஒரு விதிவிலக்கு

இதே காலத்தில் டெக்சாஸின் ஹூஸ்டனில் டிஜே ஸ்க்ரூ என்பவர் யாரோடும் போட்டியே போடாமல் வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டுகளின் வேகத்தைக் குறைத்து, குரலைக் கனமாக்கி, ஒரே தட்டின் இரண்டு பிரதிகளுக்கு இடையில் வெட்டி வெட்டி, ஒரு வரியை இரண்டு முறை கேட்க வைத்தார். கூடவே ஊர்ப் பையன்களின் ஃப்ரீஸ்டைல் ராப். டேப் வாங்க அவர் வீட்டு வாசலில் கார்கள் வரிசை கட்டும். 1998இல் தன் டேப்புகளுக்காகவே தனிக் கடையும் திறந்தார். 2000 நவம்பரில் 29 வயதில் இறந்து போனார்.

இவரிடம் அரிய பாட்டும் தேவைப்படவில்லை, கத்தலும் தேவைப்படவில்லை. எல்லாரும் கேட்ட பாட்டையே அவர் போட்டாலும், இரண்டு விநாடியில் "இது ஸ்க்ரூ" என்று சொல்லிவிடலாம். அவருடைய இசைத்தட்டுகள் இன்று ஹூஸ்டன் பல்கலைக்கழக நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன.

விளம்பரமா, திருட்டா?

2000களில் மிக்ஸ்டேப் ராப்பர்களின் ஏணியாக மாறியது. 50 சென்ட் 2000இல் ஒன்பது குண்டுகள் பட்டுப் பிழைத்தவர். அதன் பின் கொலம்பியா நிறுவனம் அவரைக் கைவிட்டது. அவர் மற்றவர்களின் பிரபலமான தாளங்களின் மேல் தன் பாட்டைப் பாடி, 2002இல் '50 சென்ட் இஸ் தி ஃபியூச்சர்' போன்ற மிக்ஸ்டேப்புகளாக விட்டார். அதே ஆண்டு எமினெம், டாக்டர் ட்ரே இருவரின் நிறுவனங்களும் அவரைச் சேர்த்துக்கொண்டன. 2003 பிப்ரவரியில் வந்த அவருடைய முதல் ஆல்பம் முதல் வாரத்தில் 8,72,000 பிரதிகள் விற்றது. மிக்ஸ்டேப் இல்லாமல் இது நடந்திருக்குமா?

இதைப் பார்த்த கம்பெனிகளின் விளம்பரப் பிரிவுகள் தாங்களே பாட்டுகளை டிஜேக்களிடம் கொடுக்க ஆரம்பித்தன. அட்லான்டாவில் டிஜே டிராமா நடத்திய 'கேங்ஸ்டா கிரில்ஸ்' வரிசை அப்போது உச்சத்தில் இருந்தது. லில் வெய்னுடன் அவர் செய்த 'டெடிகேஷன் 2' (2006) ஒரு முழு ஆல்பத்தைப் போலவே விமர்சிக்கப்பட்டது.

2007 ஜனவரி 16 அன்று அவருடைய அலுவலகத்துக்குள் ஆயுதம் தாங்கிய போலீஸ் புகுந்தது. டிராமாவும் அவருடைய கூட்டாளி டான் கேனனும் கைது செய்யப்பட்டார்கள். சுமார் 81,000 சிடிக்கள் பறிமுதல். கம்பெனிகளின் சங்கமான ஆர்.ஐ.ஏ.ஏ. இந்தச் சோதனைக்கு உதவியது. போடப்பட்டது கும்பல் குற்றங்களுக்கான சட்டப்பிரிவு!

கணக்குப் புத்தகத்தில் ஒரே தொகையை இரண்டு பக்கமும் எழுதினால் எங்கள் வாத்தியார் பேப்பரைத் தூக்கி எறிவார். இங்கே அதுதான் நடந்தது. ஒரே சிடி, கம்பெனியின் விளம்பரப் பிரிவுக்கு இலவச விளம்பரம், அதே தொழிலின் சங்கத்துக்குத் திருட்டுச் சரக்கு. சட்டப்படி பார்த்தால் உரிமை வாங்காமல் விற்றது தவறுதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் லாபத்தில் பங்கு எடுத்துக்கொண்டு பழியை மட்டும் டிஜேயின் தலையில் வைத்தது நியாயமா?

அதற்குப் பிறகு

அந்தச் சோதனைக்குப் பின் விற்பனை பயந்து ஒடுங்கியது. மிக்ஸ்டேப்புகள் இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளும் கோப்புகளாக ஆயின. லில் வெய்ன் 2007இல் 'டா டிராட் 3' மிக்ஸ்டேப்பை டிஜேவே இல்லாமல் இலவசமாக விட்டார். அடுத்த ஆண்டு அவருடைய ஆல்பம் ஒரே வாரத்தில் 10 லட்சத்துக்கும் மேல் விற்றது. ராப்பர்களுக்கு டிஜே தேவையில்லாமல் போய்க்கொண்டிருந்தார். 2009இல் டிரேக்கின் 'சோ ஃபார் கான்' வந்தபோது, மிக்ஸ்டேப் என்றால் 'இலவச ஆல்பம்' என்றே பலரும் புரிந்துகொண்டார்கள். அளவுகோலும் "பாட்டு நல்லா இருக்கா?" என்ற ஒற்றைக் கேள்வியாகச் சுருங்கியது.

2022இல் சிறந்த ராப் ஆல்பத்துக்கான கிராமி விருது டைலர், தி கிரியேட்டரின் 'கால் மீ இஃப் யூ கெட் லாஸ்ட்' ஆல்பத்துக்குக் கிடைத்தது. அது வேண்டுமென்றே கேங்ஸ்டா கிரில்ஸ் பாணியில் செய்யப்பட்டது. ஆல்பம் முழுக்கப் பாட்டின் மேல் கத்துபவர் யார் தெரியுமா? அதே டிஜே டிராமா! பதினைந்து வருடத்துக்கு முன் கைவிலங்கு, இப்போது விருது :-)

ஆனால் இதைச் சந்தோஷமான முடிவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பழைய மிக்ஸ்டேப்புகளில் பெரும்பாலானவை ஸ்ட்ரீமிங் தளங்களில் இல்லை. நூறு பேருடைய பாட்டுத் துண்டுகளுக்கு யார் உரிமை வாங்குவது? லில் வெய்னின் 'நோ சீலிங்ஸ்' (2009) போன்றவை 2020இல் வந்தபோதுகூட, உரிமைச் சிக்கலால் பல பாட்டுகள் இல்லாமல்தான் வந்தன. ராப்பரின் பாட்டையாவது வேறு எங்காவது கேட்டுக்கொள்ளலாம். ரான் ஜி இரண்டு பாட்டைச் சேர்த்த அந்த இடத்தை எங்கே போய்க் கேட்பது? அது டேப்பில் மட்டும்தான் இருக்கிறது. டேப் போனால் அந்த வேலையும் போயிற்று.

இப்போது நான் ஒரு மிக்ஸ்டேப்பைக் கேட்டால் மூன்று விஷயம் பார்க்கிறேன். முதலாவது, ஒரு பாட்டு இன்னொன்றாக மாறும் இடம். இரண்டாவது, வரிசையை மாற்றிப் போட்டால் ஏதாவது கெட்டுப்போகுமா என்பது. மூன்றாவது, டிஜேயின் பெயரை மறைத்தாலும் அவரை அடையாளம் தெரியுமா என்பது. மூன்றுக்கும் பதில் இல்லாவிட்டால் அது வெறும் பாட்டுப் பட்டியல்.

போன மாதம் அந்த நண்பனிடம் பழைய ஃபோல்டரைத் திரும்பக் கேட்டேன். "அதையா? லேப்டாப் மாத்தினப்ப போயிடுச்சுடா" என்றான். யாருடைய டேப் அது என்று அவனுக்கும் தெரியவில்லை. பெயரைத்தான் அவர் அத்தனை முறை கத்திச் சொன்னாரே, நாங்கள் இருவருமே கேட்கவில்லை.

உங்களிடம் அப்படி ஏதாவது பழைய ஃபோல்டர் இருந்தால் தயவுசெய்து அழித்துவிடாதீர்கள். முதலில் ஒரு முறை, தாண்டாமல், முழுசாகக் கேளுங்கள்.