ரெட்டைவால் ரெங்குடுவை மறக்க முடியுமா? கார்ட்டூனிஸ்ட் மதன் கதை

தேனி, கம்பம் பக்கம் சலூன் பெஞ்சில் கிடந்த பழைய ஆனந்த விகடனைப் புரட்டி வளர்ந்தவர்களுக்கு 'ரெட்டைவால் ரெங்குடு' என்ற பேரைச் சொன்னாலே சிரிப்பு வந்துவிடும். அந்தச் சுட்டிப் பயலை வரைந்தவர்தான் மதன்.

ஸ்ரீரங்கத்தில் 1947-ல் பிறந்த இவரது நிஜப் பெயர் கோவிந்தகுமார். விகடனில் கார்ட்டூனிஸ்டாகச் சேர்ந்து இணை ஆசிரியர் வரை உயர்ந்தார்.

இரவல் ஹீரோ இல்லை

தமிழில் காமிக்ஸ் என்றாலே அப்போது வெளிநாட்டு சரக்குதான். 1972-ல் சிவகாசியில் இருந்து வந்த முத்து காமிக்சின் முதல் ஹீரோ 'இரும்புக்கை மாயாவி'யே இங்கிலாந்துக்காரர். மதன் ரூட்டை மாற்றினார். பறக்கிற ஹீரோ, துப்பாக்கி எதுவும் கிடையாது. நம்ம வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஆட்கள்தான் அவருக்கு ஹீரோ.

திருட வந்த இடத்திலும் காமெடி பண்ணும் 'சிரிப்புத் திருடன் சிங்காரவேலு', எதற்கெடுத்தாலும் உஷார் பார்ட்டியான 'முன்ஜாக்கிரதை முத்தண்ணா', வீட்டையே ரெண்டுபடுத்தும் ரெங்குடு என்று ஒவ்வொருவரும் ஒரு ரகம். அமெரிக்காவில் ஹாங்க் கெட்சம் 1951-ல் தொடங்கிய 'டென்னிஸ்' என்ற குறும்புப் பையனும் ரெங்குடு ஜாதிதான். ஆனால் ரெங்குடுவின் சேட்டை பக்கா தமிழ்நாட்டு சேட்டை.

ஸ்டைல் என்ன?

கோடு கம்மி, முகபாவம் ஜாஸ்தி. முழிக்கிற முழியிலேயே பாதி ஜோக் முடிந்துவிடும். மீதியை ஒரு வரி டயலாக் பார்த்துக்கொள்ளும். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவருக்கும் புரியும்.

தூரிகையில் இருந்து பேனாவுக்கு

அதே பேச்சு நடையில் சரித்திரமும் எழுதினார். டெல்லி சுல்தான்கள், மொகலாயர்கள் கதையைச் சொல்லும் 'வந்தார்கள் வென்றார்கள்' ஜூனியர் விகடனில் வந்து சக்கைபோடு போட்டது. கொலைகாரர்களின் மனசை அலசிய 'மனிதனுக்குள் ஒரு மிருகம்' தொடரும் இவருடையதே. வாசகர்களின் கேள்விகளுக்கு 'ஹாய் மதன்' பகுதியில் பதில் சொன்னார். 2003-ல் வெளியான கமலின் 'அன்பே சிவம்' படத்துக்கு வசனமும் இவர்தான்.

எழுத்தில் பேர் வாங்க வாங்க, கேரக்டர் ஜோக்குகள் குறைந்து போயின. 2012-ல் 'ஹாய் மதன்' பகுதியும் நின்றது. மாயாவியை இன்றும் மறுபதிப்பில் வாங்கிப் படிக்கிறார்கள். ஆனால் நம்ம ஊரு ரெங்குடுவை இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. பழைய பைண்டிங் புத்தகம் வீட்டில் இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பிள்ளைகளிடம் கொடுங்கள், சேட்டைக்கு நீங்கள்தான் பொறுப்பு!