ஜாம்பி வந்தால் யார் பிழைப்பார்கள்? இரண்டு சமோவாக்கள் சொல்லும் பதில்



நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாரமாக ஒரு கேள்வி ஓடிக்கொண்டிருக்கிறது. "நாளைக்கே ஊருக்குள் ஜாம்பி வந்துவிட்டால் நம்மில் யார் பிழைப்போம்?" ஒருவன் ஜிம்முக்குப் போகிறவன் பிழைப்பான் என்கிறான். இன்னொருவன் மொட்டை மாடியும் இன்வெர்ட்டரும் இருக்கிறவன் என்கிறான். கடைசியில் ஒரு பிள்ளை, "டீச்சர், நீங்க சொல்லுங்க" என்று என்னையும் இழுத்துவிட்டது. கேள்வி என்று வந்துவிட்டால் ஓய்வு பெற்றாலும் சும்மா இருக்க முடிகிறதா? பதில் கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

ஜாம்பிப் படங்களை நானும் பேரப்பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். எல்லாவற்றிலும் கதை ஒன்றுதான். எங்கிருந்தோ ஒரு நோய் வரும். ஒரே நாளில் ஊர் முழுக்கப் பரவும். அரசாங்கம் காணாமல் போகும். நேற்றுவரை பக்கத்து வீட்டுக்காரராக இருந்தவர் இன்று எமனாக நிற்பார். கையில் துப்பாக்கி உள்ளவர் மட்டும் தப்பிப்பார்.

இதில் பாதி உண்மையிலேயே நடந்திருக்கிறது. அதுவும் ஒரே நேரத்தில், ஒரே இன மக்கள் வாழ்ந்த இரண்டு தீவுகளில். ஒரே கேள்வித்தாளை இரண்டு மாணவர்களிடம் கொடுத்தது போல. ஒருவர் முழு மதிப்பெண் வாங்கினார். இன்னொருவர் தோற்றார், அதற்கான விலையை ஊர் கொடுத்தது.

வீட்டில் அட்லாஸ் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். பசிபிக் பெருங்கடலில் நியூசிலாந்துக்கு வடகிழக்கே சமோவாத் தீவுகள் தெரியும். மக்கள் ஒன்று, மொழி ஒன்று, இந்தத் தீவில் பெண் எடுத்து அந்தத் தீவில் கொடுக்கிற உறவு. 1899-இல் வல்லரசுகள் உட்கார்ந்து அதை இரண்டாகப் பிரித்தன. மேற்குப் பகுதி ஜெர்மனிக்கு, கிழக்குப் பகுதி அமெரிக்காவுக்கு. முதல் உலகப் போர் தொடங்கிய 1914-இல் நியூசிலாந்துப் படை வந்து மேற்குப் பகுதியைப் பிடித்துக்கொண்டது. அதன் தலைநகர் ஆப்பியா. கிழக்கே அமெரிக்கக் கடற்படையின் தளம் பாகோ பாகோ. எழுத்தில் அப்படி இருந்தாலும் அந்த ஊர்க்காரர்கள் "பாங்கோ பாங்கோ" என்றுதான் சொல்வார்கள். இரண்டு ஊருக்கும் இடையே சுமார் 125 கிலோமீட்டர்.

1918. உலகம் முழுக்க இன்ஃப்ளூயன்சா காய்ச்சல் பரவிய ஆண்டு. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததாகக் கணக்கிடுகிறார்கள். மருந்து கிடையாது, தடுப்பூசி கிடையாது. காய்ச்சலுக்குக் காரணம் ஒரு வைரஸ் என்பதே அன்றைய மருத்துவர்களுக்குத் தெரியாது.

அக்டோபர் 30-ஆம் தேதி நியூசிலாந்தின் ஆக்லாந்து துறைமுகத்திலிருந்து டாலூன் என்ற கப்பல் கிளம்பியது. ஆக்லாந்தில் அப்போது காய்ச்சல் கடுமையாக இருந்தது. வழியில் கப்பல் பிஜித் தீவில் நின்றது. பிஜி என்றதும் நமக்குப் பாரதியார் நினைவு வரும். கரும்புத் தோட்டத்தில் நம் பெண்கள் படும் பாட்டை நினைத்து அவர் உருகிய அதே பிஜிதான். ஒப்பந்தக் கூலிகளாகப் போன தமிழர்கள் அந்த ஆண்டும் அங்கே இருந்தார்கள். அந்தப் பருவத்தில் பிஜியிலும் காய்ச்சல் பரவி ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள்.

நவம்பர் 7-ஆம் தேதி டாலூன் ஆப்பியாவுக்கு வந்தது. கப்பலில் இருமலோடும் காய்ச்சலோடும் பயணிகள் இருந்தார்கள். பிஜியில் அந்தக் கப்பலைத் தனிமைப்படுத்தி வைத்திருந்த விவரம் ஆப்பியா துறைமுக அதிகாரிக்குச் சொல்லப்படவில்லை. ஆக்லாந்தில் நிலைமை இப்படி என்று நியூசிலாந்திலிருந்து ஒரு தந்தியும் வரவில்லை. எல்லோரையும் இறங்கவிட்டார்கள்.

அதன் பிறகு நடந்ததைப் படிக்கும்போது கை நடுங்குகிறது. இரண்டே மாதத்தில் சுமார் 8,500 பேர் இறந்தார்கள். மொத்த மக்கள்தொகையே 38,000 தான். ஐந்து பேரில் ஒருவருக்கும் மேல். நம் வகுப்பில் 40 பேர் இருந்தீர்கள் என்றால், எட்டு ஒன்பது பெஞ்சு இடங்கள் காலி என்று நினைத்துப் பாருங்கள். சவப்பெட்டி செய்ய ஆள் இல்லை. குழி வெட்ட ஆள் இல்லை. பலரை ஒரே குழியில் புதைத்தார்கள். சில இடங்களில் பிணங்கள் இருந்த வீட்டோடு சேர்த்துக் கொளுத்தினார்கள்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். எல்லோரையும் கொன்றது காய்ச்சல் மட்டும் அல்ல. ஒரு வீட்டில் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் படுத்துவிட்டால் கிழங்கு பிடுங்கி வர யார் போவது? அடுப்பு மூட்டி ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்க யார் இருப்பது? கொல்லையில் கிழங்கு விளைந்து கிடக்க, வீட்டுக்குள் மனிதர்கள் பட்டினியில் இறந்தார்கள்.

இப்போது கிழக்குத் தீவுக்கு வருவோம். அங்கே ஆளுநராக இருந்தவர் ஜான் மார்ட்டின் போயர் என்ற அமெரிக்கக் கடற்படை அதிகாரி. அவரிடம் தனி மருந்து எதுவும் இல்லை. ஒரு வானொலிக் கருவி இருந்தது. அதில் வந்த செய்தியைக் கேட்டார், நம்பினார், நவம்பர் 23-ஆம் தேதி துறைமுகத்துக்குக் கட்டுப்பாடு போட்டார். இது ஒரு பாதிதான். தீவைச் சுற்றிக் கடற்கரை. எந்த இருட்டிலும் ஒரு படகு வந்து ஒதுங்கலாம். அத்தனை கரைக்கும் காவல் போட ஆளுநரிடம் சிப்பாய்கள் கிடையாது. ஊர்த் தலைவர்களைக் கேட்டுக்கொண்டார். சமோவா மக்களே முறை வைத்துத் தங்கள் கரையைக் காத்தார்கள். வந்த படகுகளைத் திருப்பி அனுப்பினார்கள். அந்தப் படகில் இருந்தவர் மாமனோ மச்சானோ ஆக இருந்திருக்கலாம். ஆனாலும் திருப்பினார்கள். கட்டுப்பாடு 1920 வரை நீடித்தது.

கிழக்கு சமோவாவில் இந்தக் காய்ச்சலுக்கு இறந்தவர் எண்ணிக்கை: பூஜ்யம்.

இத்தோடு நிறுத்தினால் "கதவை மூடியவன் பிழைத்தான்" என்று படக் கதையாகவே முடிந்துவிடும். மீதியையும் சொல்கிறேன்.

கதவை மூடிய அதே போயர்தான், மேற்கே மக்கள் செத்து விழுகிறார்கள் என்று தெரிந்ததும், உதவி வேண்டுமா என்று கேட்டுத் தந்தி அனுப்பினார். அது ஆப்பியாவில் இருந்த அமெரிக்கத் தூதர் மூலம் நியூசிலாந்து நிர்வாகி கர்னல் ராபர்ட் லோகனிடம் போய்ச் சேர்ந்தது. லோகன் அதற்குப் பதில் கொடுக்கவில்லை. ஆப்பியாவிலிருந்து வரும் படகுகளைப் போயர் தடுத்து நிறுத்துகிறார் என்ற கோபம் வேறு. கிழக்குத் தீவோடு இருந்த வானொலித் தொடர்பையே துண்டித்துவிட்டார். ஒரு பெண்கள் பள்ளியிலிருந்து பிள்ளைகளுக்கு உணவு கேட்டுப் போனவரைக் கடுஞ்சொல் சொல்லித் திருப்பி அனுப்பியதாகவும் பதிவு இருக்கிறது. பள்ளிக்கூடத்திலேயே வாழ்நாளைக் கழித்தவளுக்கு அந்த வரியைத் தாண்டிப் போக மனம் வரவில்லை. 125 கிலோமீட்டரில் மருத்துவர்கள் தயாராக இருக்க, உதவி ஆஸ்திரேலியாவிலிருந்து என்கவுண்டர் என்ற போர்க்கப்பலில் டிசம்பர் தொடக்கத்தில்தான் வந்து சேர்ந்தது. அதற்குள் பெரும்பாலான சாவு முடிந்துவிட்டது.

ஆக, கதவை மூடியவர் கையை நீட்டினார். கதவைத் திறந்து போட்டவர் காதை மூடிக்கொண்டார். வித்தியாசம் இவ்வளவுதான்.

1919-இல் விசாரணைக் குழு வந்தது. நிர்வாகத்தின் அலட்சியத்தைப் பதிவு செய்தது. தங்களை அமெரிக்க ஆட்சியின் கீழ் மாற்றிவிடும்படி சமோவாத் தலைவர்கள் மனுக் கொடுத்தார்கள். மக்கள் மனத்தில் விழுந்த அந்தக் காயமும் சேர்ந்துதான் பின்னால் 'மாவ்' என்ற அறவழி விடுதலை இயக்கத்துக்கு வலு சேர்த்தது. 1962-இல் சமோவா விடுதலை பெற்றது. 2002-இல் நியூசிலாந்துப் பிரதமர் ஹெலன் கிளார்க் அங்கே போய், டாலூன் கப்பலை அனுமதித்தது உட்படப் பழைய தவறுகளுக்காக மன்னிப்புக் கேட்டார். 84 ஆண்டுகள் கழித்து!

கதை இன்னும் முடியவில்லை. 2018-இல் சமோவாவில் தடுப்பூசி மருந்தைத் தவறாகக் கலந்ததால் இரண்டு பச்சைக் குழந்தைகள் இறந்தன. மக்களுக்கு ஊசி மேலேயே நம்பிக்கை போய்விட்டது. அடுத்த ஆண்டே தட்டம்மை வந்தது. 83 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் சின்னக் குழந்தைகள்.

அப்போது அந்த நாடு என்ன செய்தது தெரியுமா? 2019 டிசம்பர் 5, 6 இரண்டு நாளும் நாட்டையே மூடினார்கள். ஊசி போடாதவர் இருக்கும் வீட்டு வாசலில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டச் சொன்னார்கள். நம் ஊரில் அம்மை போட்ட வீட்டில் வேப்பிலை செருகுவோமே, அது போல. மருத்துவக் குழுக்கள் அந்தச் சிவப்பைப் பார்த்து வீடு வீடாகப் போனார்கள். படத்தில் வாசலில் அடையாளம் போட்டிருந்தால் "இந்தப் பக்கம் வராதே, ஓடு" என்று அர்த்தம். சமோவாவில் அந்தத் துணிக்கு "எங்கள் வீட்டுக்கு வாருங்கள்" என்று அர்த்தம்.

உங்களில் சிலர் இன்று நர்சாக இருக்கிறீர்கள், கிராம நிர்வாக அலுவலராக இருக்கிறீர்கள், ஊராட்சியில் இருக்கிறீர்கள், டீச்சராகவும் இருக்கிறீர்கள். ஜாம்பி வந்தால் வரட்டும். உங்கள் மேஜைக்கு ஒரு தந்தி வரும், இந்தக் காலத்தில் ஒரு போன் கால் வரும். உங்களுக்குப் பிடிக்காத ஆளிடமிருந்தே வரலாம். அதை எடுத்துப் பேசுங்கள். மற்ற எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள்: உங்கள் தெருவில் தனியாக இருக்கும் வயதானவர்கள் யார் யார், எல்லோரும் படுத்துவிட்டால் கஞ்சி வைத்துக் கொடுக்க ஆள் இல்லாத வீடு எது என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பிழைக்கிற வழியை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். மாடியும் இன்வெர்ட்டரும் அப்புறம்.

வீட்டுப்பாடம் உண்டு. இன்று இரவு பிள்ளைகளுக்கு அட்லாஸில் இரண்டு சமோவாக்களையும் காட்டுங்கள். டாலூன் போன வழியை ஆக்லாந்து, பிஜி, ஆப்பியா என்று விரலால் தொடச் சொல்லுங்கள். பாகோ பாகோவில் விரல் நிற்கட்டும். அங்கே ஏன் யாரும் சாகவில்லை என்று பிள்ளைகள் சொன்ன பதிலைக் கமெண்ட்டில் எழுதுங்கள். நான் படித்துத் திருத்துவேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்