கொல்லைப்புறத்தில் பிறந்த வண்டி

ஒரு பொருளுக்குத் தனிப்பெயர் தேவைப்படுவது, அதற்கு மாற்று ஒன்று வந்த பிறகுதான். 'ஹார்ட்டெயில்' என்ற சொல்லும் அப்படிப்பட்டதே. மோட்டார் சைக்கிள் மிதிவண்டியின் வழித்தோன்றல். மிதிவண்டியில் பின்சக்கரம் சட்டகத்தோடு நேரடியாகப் பிணைக்கப்பட்டிருப்பதைப் போலவே, தொடக்ககால மோட்டார் சைக்கிள்களிலும் பின்சக்கரத்துக்கும் சட்டகத்துக்கும் இடையில் சுருள்வில்லோ ஷாக் அப்சார்பரோ கிடையாது. சாலையின் மேடுபள்ளங்களை டயரும், இருக்கையின் அடியிலிருந்த வில்லும், ஓட்டுபவரின் முதுகெலும்பும் பங்கிட்டுக்கொண்டன. எல்லா வண்டிகளும் அவ்வாறிருந்த காலத்தில் அதற்கென்று ஒரு பெயர் எதற்கு?

பின்சக்கரத்துக்கு அசைவு தரும் ஸ்விங் ஆர்ம் அமைப்பு இரண்டாம் உலகப்போருக்குப் பின்னரே பரவலாயிற்று. நம் சாலைகளில் பழகிய ராயல் என்ஃபீல்ட் புல்லட், 1949இலேயே இங்கிலாந்தில் அந்த அமைப்புடன் விற்பனைக்கு வந்தது. 1955இல் சென்னையில் அதன் தயாரிப்பு தொடங்கியபோதும் அப்படியே வந்தது. அமெரிக்காவின் ஹார்லி டேவிட்சன் நிறுவனமோ தன் பெரிய வண்டிகளுக்கு 1958இல்தான் அதைக் கொடுத்தது. அந்த ஆண்டின் 'டியோ கிளைட்' வரும்வரை, அந்நிறுவனத்தின் பெரிய எஞ்சின் வண்டிகள் அனைத்தும் ஹார்ட்டெயில்களே. அமெரிக்க வீட்டுப் பட்டறைகளின் கதையைப் புரிந்துகொள்ள இந்தத் தாமதம் முக்கியமானது. வெட்டித் திருத்துவதற்கு ஏற்ற வில்லற்ற சட்டகங்கள் அந்நாட்டில் ஏராளமாக, மலிவாகக் கிடந்தன.

அந்த நிறுவனமே ஒரு கொல்லைப்புறத்தில்தான் பிறந்தது. 1903ஆம் ஆண்டளவில் மில்வாக்கி நகரில், டேவிட்சன் குடும்பத்து வீட்டின் பின்புறத்தில், 10 அடிக்கு 15 அடி அளவுள்ள மரக்கொட்டகை ஒன்றில் வில்லியம் ஹார்லியும் ஆர்தர் டேவிட்சனும் தங்கள் வண்டிகளைச் செய்தார்கள். பிற்காலத்தில் அதன் வண்டிகளை வீட்டு முற்றத்தில் அக்கக்காகப் பிரித்துப் போட்ட இளைஞர்கள், ஒருவகையில் அந்த மூலத்துக்குத் திரும்பினார்கள் என்றே சொல்ல வேண்டும்.

பிரித்துப் போடும் வழக்கத்துக்கு இரு ஊற்றுகள் உண்டு. ஒன்று பந்தயம். 1930களில் அமெரிக்க மோட்டார் சைக்கிள் சங்கம், கடையில் எவரும் வாங்கக்கூடிய வண்டிகளையே கொண்டு ஓடும் 'கிளாஸ் சி' பந்தய வகையைக் கொண்டுவந்தது. வேகம் வேண்டுமென்றால் எடை குறைய வேண்டும். ஓட்டுநர்கள் முன் மட்கார்டைக் கழற்றி எறிந்தார்கள். பின் மட்கார்டைப் பாதியாக நறுக்கினார்கள். குதிரையின் வாலைக் குட்டையாக நறுக்குவதற்கான ஆங்கிலச் சொல்லே வண்டிக்கும் வந்து சேர்ந்தது: 'பாபர்'.

இரண்டாவது ஊற்று போர். இரண்டாம் உலகப்போரின்போது ராணுவத்துக்கென்று ஹார்லி நிறுவனம் 'டபிள்யூ.எல்.ஏ.' வகை வண்டிகளை சுமார் 90,000 என்ற எண்ணிக்கையில் செய்தது. போர் முடிந்ததும் உபரியாக நின்றவை சொற்ப விலைக்கு வந்தன. திரும்பி வந்த வீரர்களிடம் இளமை இருந்தது, ராணுவத்தில் கற்ற இயந்திரப் பழக்கம் இருந்தது, பணம் அதிகமில்லை. வண்டியில் ஒன்றைக் கூட்டுவதற்குக் காசு வேண்டும், குறைப்பதற்கு ஒரு ரம்பம் போதும். பின்னாளில் 'ஸ்டைல்' என்று கொண்டாடப்பட்ட பலவும் அன்று சிக்கனத்தின் விளைவே என்பதை நாம் மறந்துவிடக்கூடாது.

1947 ஜூலையில் கலிஃபோர்னியாவின் ஹாலிஸ்டர் என்ற சிற்றூரில் நடந்த பந்தயக் கூட்டத்தில் ஏற்பட்ட ரகளையும், அதையொட்டி 'லைஃப்' இதழில் வெளியான புகைப்படமும், 1953இல் மார்லன் பிராண்டோ நடித்து வந்த 'தி வைல்ட் ஒன்' படமும் இவ்வண்டிகளுக்கு ஒரு முரட்டு முகத்தை அளித்தன. அந்தப் படத்தில் பிராண்டோ ஓட்டியது இங்கிலாந்தின் டிரையம்ஃப். கொல்லைப்புறப் பட்டறையின் வாசனையை உணர வேண்டுமென்றால், லீ மார்வின் ஏறிவரும் ஹார்லியைத்தான் பார்க்க வேண்டும்.

1960களில் குறைப்பு என்பது மாற்றமாக வளர்ந்தது. முன்ஃபோர்க் நீண்டது; அதற்கு ஏற்பச் சட்டகத்தின் கழுத்தை அறுத்து, சாய்வைக் கூட்டி மீண்டும் பற்றவைத்தார்கள். இதுவே 'சாப்பர்'. சாய்வு கூடினால் நெடுஞ்சாலையில் வண்டி நேர்கோட்டில் உறுதியாகச் செல்லும். ஆனால் மெதுவாகத் திருப்பும்போது முன்சக்கரம் கனத்து ஒரு பக்கமாகச் சரியும். அழகுக்குக் கொடுத்த விலை அது. பெட்ரோல் டாங்கிற்கு, 1948இல் வந்த 125 சிசி சிறு வண்டியின் நிலக்கடலை வடிவ டாங்க் போதுமானதாக இருந்தது. சுமையிழுக்கும் டிரெய்லரின் மட்கார்ட், பின்சக்கரத்துக்கு மட்கார்டாயிற்று. பின்னாளில் இத்துறையின் பெரும்பெயரான ஆர்லன் நெஸ், பௌலிங் ஆட்டத்தில் ஈட்டிய பணத்தில் 300 டாலர் கொடுத்து வாங்கிய 1947ஆம் ஆண்டு ஹார்லியிலிருந்துதான் தொடங்கினார்.

வீட்டில் ஹார்ட்டெயில் செய்வது எப்படி என்பதையும் ஓரளவு அறிந்துகொள்வது நல்லது; ஏனெனில் இந்த வரலாற்றின் மெய்யான நாயகன் பற்றவைப்புதான். ஸ்விங் ஆர்ம் உள்ள ஒரு பழைய வண்டியை எடுத்துக்கொள்வோம். எஞ்சினுக்குப் பின்னாலுள்ள குழாய்களை அறுத்துவிட்டு, இருக்கையின் அடியிலிருந்து பின் அச்சுவரை நேராக இறங்கும் முக்கோணப் பகுதி ஒன்றைப் பொருத்த வேண்டும். அறுப்பதற்கு முன் சட்டகத்தை அசையாதபடி இறுகப் பிணைக்காவிட்டால், அறுத்தவுடன் அது தன் நேரை இழந்துவிடும். இணையும் குழாய்களுக்குள் சிறிய எஃகுக் குழாய்த் துண்டைச் செருகி, துளைகளின் வழியே அதையும் சேர்த்துப் பற்றவைப்பார்கள். வெப்பம் உலோகத்தை இழுக்கும். ஆகவே ஒரே மூச்சில் பற்றவைக்காமல், முதலில் புள்ளிகளாகவும் பின்னர் பக்கம் மாற்றிச் சிறிது சிறிதாகவும் வைப்பார்கள். இரு சக்கரங்களும் ஒரே கோட்டில் உள்ளனவா என்று பார்க்க ஒரு நூல் போதும். சிக்கனக்காரரும் சிக்கனம் பார்க்காத இடம் ஒன்றுண்டு: மற்ற எல்லாவற்றையும் தாமே செய்பவர்கள்கூடக் கழுத்து வேலையைத் தேர்ந்த கைகளிடம் கொடுப்பார்கள். அங்கே விரிசல் விட்டால் போவது உயிர்.

இந்தக் கைகளைப் பற்றிய பேச்சு நம்மை 1969க்குக் கொண்டுசெல்கிறது. 'ஈஸி ரைடர்' படத்தில் பீட்டர் ஃபோண்டா ஓட்டிய, அமெரிக்கக் கொடி தீட்டிய டாங்க் கொண்ட வண்டியை உலகம் அறியும். ஏலத்தில் மலிவாக வாங்கிய பழைய போலீஸ் ஹார்லிகளிலிருந்து உருவானவை அப்படத்தின் வண்டிகள். அவற்றின் வடிவமைப்பை முன்னின்று நடத்தியவர் கிளிஃபர்ட் வாஸ். தெற்கு லாஸ் ஏஞ்சலஸில் தம் பட்டறையில் அவற்றைக் கட்டியவர் பென் ஹார்டி. இருவரும் கறுப்பினத்தவர்கள். வாஸ், மாணவர்களின் வன்முறையற்ற ஒருங்கிணைப்புக் குழுவில் நின்று குடியுரிமைப் போராட்டத்தில் பங்கேற்றவர். படத்தின் பெயர்ப்பட்டியலில் இருவர் பெயரும் இடம்பெறவில்லை. சுதந்திரத்தைத் தேடி அமெரிக்காவைக் குறுக்காகக் கடக்கும் அக்கதையில் குறிப்பிடத்தக்க கறுப்பினப் பாத்திரம் ஒன்றும் இல்லை.

வண்டிகளில் சில படப்பிடிப்பு முடியும் தறுவாயில் களவுபோயின. ஒன்று இறுதிக் காட்சியில் சிதைந்தது. அதன் மிச்சத்திலிருந்து மீட்டுக் கட்டப்பட்டது என்று சொல்லப்பட்ட வண்டிக்கு 2014இல் ஏலத்தில் 13.5 லட்சம் டாலர் கேட்கப்பட்டது. அது மெய்யானதுதானா என்ற சர்ச்சையும் கூடவே எழுந்தது. ஹார்டி 1994இல் மறைந்தார், வாஸ் 2016இல். வண்டியைக் கட்டியவர்கள் இவர்கள் என்பது பொதுவெளியில் பரவலாகப் பேசப்பட்டது இந்த நூற்றாண்டில்தான். ஓட்டியவனின் முகம் சுவரொட்டியாயிற்று; கட்டியவனின் பெயரைக் கேட்க உலகத்துக்குப் பல பத்தாண்டுகள் ஆயின.

அதன்பின் வரலாறு விரைந்து நகர்கிறது. 1984இல் ஹார்லி நிறுவனம் 'சாஃப்ட்டெயில்' வண்டியை வெளியிட்டது. பில் டேவிஸ் என்ற பொறியாளரின் யோசனையிலிருந்து வந்தது அது. ஷாக் அப்சார்பர்கள் கண்ணுக்குத் தெரியாமல் அடியில் மறைந்திருக்கும். தோற்றத்துக்கு அது ஹார்ட்டெயில். ஒரு காலத்தில் ஏழ்மையின் அடையாளமாக இருந்த கோடு, ஆலை தரும் வசதியான பாவனையாயிற்று. 2003இல் தொடங்கிய 'அமெரிக்கன் சாப்பர்' தொலைக்காட்சித் தொடர் அதைச் செல்வந்தர்களின் காட்சிப்பொருளாகவே ஆக்கியது.

ஆயினும் கொட்டகைகள் மூடப்படவில்லை. ஹார்லியின் விலை ஏறியபோது இளைஞர்கள் 1970களின் ஜப்பானிய வண்டிகளை, குறிப்பாக யமஹா எக்ஸ்எஸ் 650ஐயும் ஹோண்டா சிபி 750ஐயும், அறுக்கத் தொடங்கினார்கள். ஒரு கலைவடிவம் கடைக்குப் போய்விட்டால், அதன் உயிர் வேறொரு மலிவான பொருளைத் தேடிக்கொள்கிறது. அந்த வண்டிகளின் சட்டகங்களில் பற்றவைப்பின் தழும்புகளைச் சிலர் தேய்த்து மறைப்பதில்லை. ஹார்டிக்குக் கிடைக்காத கையொப்பம், அந்தத் தழும்பு வடிவிலாவது இரும்பில் எஞ்சட்டும் என்றே நமக்குத் தோன்றுகிறது.