முதல் கட்டை எங்கே?

சென்ற வாரம் பாரிஸ் வாசலில் நிறுத்தியிருந்தேன். 1944 ஆகஸ்ட் 24 இரவு, கப்டன் ட்ரோனின் வண்டிகள் நகருக்குள் நுழைந்ததை இன்று எழுதுவதாக வாக்கும் கொடுத்திருந்தேன். ஆனால் அந்தப் படை வந்த வழியில் நட்டிருக்கும் கட்டைகள் என்னை விடவில்லை.

நற்பிட்டிமுனைப் பெரியவர்கள் இன்றும் தூரத்தைக் கட்டைக் கணக்கில்தான் சொல்வார்கள். எத்தனையாம் கட்டை என்று கேட்டால், எங்கிருந்து எண்ணுகிறோம் என்ற கேள்வியும் கூடவே வந்துவிடும்.

பிரான்சில் இப்படி இரண்டு வரிசைகள் உண்டு. ஜெனரல் பற்றனின் அமெரிக்கப் படைக்காக 1947இல் திறக்கப்பட்ட வரிசை, சென்-மேர்-எக்லீஸிலிருந்து பெல்ஜியத்தின் பஸ்தோன் வரை 1,100 கிலோமீற்றருக்கும் மேல். கிலோமீற்றருக்கு ஒரு கட்டை, தலையில் 48 நட்சத்திரங்கள். மற்றது ட்ரோன் சேர்ந்திருந்த படைக்கு, பிரெஞ்சு ஜெனரல் லெக்லெர்க்கின் இரண்டாம் கவசப் பிரிவுக்கு உரியது. 1944 ஆகஸ்ட் 1இல் அவர்கள் கரையிறங்கிய சென்-மார்த்தன்-த-வார்வில்லில் தொடங்கி ஸ்ட்ராஸ்பூர்க் வரை போகிறது. இந்தக் கட்டைகள் தாங்கும் பெயர் பிரான்சுக்குள் இல்லாத ஓர் ஊரின் பெயர்: கூஃப்ரா.

கூஃப்ரா லிபியப் பாலைவனத்துப் பேரீச்சஞ் சோலை. ஸனூஸி தரீக்காவின் ஸாவியா இருந்த தாஜ் மேடு அங்கேதான். 1931 ஜனவரியில் இத்தாலியர் அதைப் பிடித்தபோது குடும்பம் குடும்பமாக மணலுக்குள் ஓடியவர்களில் பலர் தாகத்தில் மாண்டார்கள். அதே ஆண்டு செப்டெம்பரில், அவர்களை எதிர்த்துப் போராடிய உமர் முக்தாரைத் தூக்கிலிட்டார்கள். இதைச் சொல்லாமல் கூஃப்ராவைக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை.

பத்து ஆண்டுகள் கழித்து, 38 வயதுக் கேணல் ஒருவர் அந்த மேட்டின் முன்னால் வந்து நின்றார். லெக்லெர்க் அவருடைய சொந்தப் பெயர் அல்ல. ஜெர்மானியர் கையில் இருந்த பிரான்சில் மனைவியும் ஆறு பிள்ளைகளும் மாட்டிக்கொண்டிருந்ததால் பூண்ட பெயர். அவருக்குத் தளம் தந்தது சாட். அதன் ஆளுநர் ஃபெலிக்ஸ் எபூவே என்ற கறுப்பினத்தவர், மற்ற ஆளுநர்கள் தயங்கி நின்ற 1940 ஆகஸ்டில், ஜெர்மனிக்குப் பணிய மறுத்த ஜெனரல் த கோல் பக்கம் துணிந்து வந்தவர். என் கணக்கில் இந்தக் கதையின் முதல் வீரர் அவரே.

சாட்டின் தலைநகரிலிருந்து கூஃப்ராவுக்கு ஆயிரம் கிலோமீற்றருக்கும் மேல். நடுவில் வெறும் மணல். வந்தவர்கள் ஏறக்குறைய நானூறு பேர், பெரும்பாலும் ஆபிரிக்கச் சிப்பாய்கள். ஒரே ஒரு 75 மில்லிமீற்றர் பீரங்கியை, மேட்டிலிருந்த இத்தாலியக் கோட்டையின் இயந்திரத் துப்பாக்கிகளுக்கு எட்டாத தூரத்தில் நிறுத்தி, நாளுக்கு இருபது குண்டு வீதம் நேரம் தவறாமல் அடித்தார்கள். உள்ளே இருந்தவர்களின் நெஞ்சு அதிலேயே கரைந்தது. 1941 மார்ச் 1இல் கோட்டை பணிந்தது. மறுநாள் லெக்லெர்க்கும் அவருடைய ஆட்களும் சத்தியம் செய்தார்கள்: ஸ்ட்ராஸ்பூர்க் தேவாலயத்தில் பிரெஞ்சுக் கொடி பறக்கும்வரை ஆயுதத்தைக் கீழே வைப்பதில்லை. கல்முனைக் கடற்கரைப் பள்ளியில் கொடியேற்றம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, ஒரு கொடி ஏறுவதற்காக மனிதர் எவ்வளவு காத்திருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

கொடி 1944 நவம்பர் 23இல் ஏறியது. சத்தியம் நிறைவேறிய அன்று, கூஃப்ராவில் போரிட்ட கறுப்புச் சிப்பாய்கள் அங்கே இல்லை. 1943இல் மொரோக்கோவில் இரண்டாம் கவசப் பிரிவை அமைத்தபோதே அவர்களை ஒதுக்கிவிட்டார்கள். 1944 ஜனவரியில் நேச நாட்டுப் படைத் தளபதி ஐசனாவரின் தலைமை அலுவலர் பெடல் ஸ்மித் எழுதிய குறிப்பு, இந்தப் பிரிவில் வெள்ளையர் இருப்பதே விரும்பத்தக்கது என்கிறது. மக்ரிப் முஸ்லிம்கள் மட்டும் ஆயிரக்கணக்கில் எஞ்சினார்கள். இதை நான் அநியாயம் என்றே எழுதுவேன். லெக்லெர்க்கின் மீது எனக்குள்ள மதிப்பும் இந்த இடத்தில் இடறுகிறது. முதல் கட்டை நோர்மண்டிக் கடற்கரையில் நிற்கிறது. சாட்டிலிருந்து நடந்த தூரம் அந்த எண்ணிக்கையில் வரவில்லை.

பாரிஸ் அடுத்த வாரம். அந்த இரவில் முதலில் நகரசபையை எட்டிய வண்டியில் குவாதலஹாரா என்று எழுதியிருந்தது. ‘வாதில் ஹிஜாரா’, கற்களின் பள்ளத்தாக்கு என்ற அரபுப் பெயர் ஸ்பானியர் வாயில் அப்படி உருண்டிருக்கிறது. அது பிரெஞ்சுப் படை வண்டியில் ஏறிய கதையோடு ட்ரோன் காத்திருக்கிறார்.