மூடிய சிலையும் திறந்த நூலும்: பெங்களூரில் திருவள்ளுவர்

1. முன்னுரை

அறநூல் ஒரு மொழியில் தோன்றினும் அது கூறும் அறம் அம்மொழியின் எல்லைக்குள் நின்றுவிடுவதன்று. திருக்குறளைப் பற்றித் தமிழர் இவ்வாறு கூறுவது வழக்கம். இக்கூற்று நடைமுறையில் சோதனைக்கு உள்ளான இடங்களுள் பெங்களூரும் ஒன்று. அந்நகரில் அல்சூர் ஏரிக்கருகே நிறுவப்பெற்ற திருவள்ளுவர் சிலை 18 ஆண்டுகள் திறக்கப்படாமல் இருந்தது. அவ்வரலாற்றைக் குறள் வகுத்த அறங்களையே அளவுகோலாகக் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. மூடியிருந்த சிலை

பெங்களூர்த் தமிழ்ச் சங்கத்தின் முயற்சியால் 1991ஆம் ஆண்டு சிலை நிறுவப்பட்டது. கன்னட அமைப்புகள் சிலவற்றின் எதிர்ப்பால் திறப்பு விழா தடைப்பட்டது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் காவிரி நடுவர் மன்றம் இடைக்கால ஆணை பிறப்பித்தது. டிசம்பரில் அவ்வாணை மத்திய அரசிதழில் வெளியானதும் பெங்களூரில் தமிழர்க்கெதிரான வன்முறை மூண்டது. நீர் பற்றிய வழக்கு மொழி பற்றிய வழக்காக மாறிய அச்சூழலில், எம்மதத்தின் பெயரையும் எந்நாட்டின் பெயரையும் சுட்டாத ஒரு நூலின் ஆசிரியர் ஓர் இனத்தின் அடையாளமாக மட்டும் கருதப்பட்டார்.

இங்கு ஒன்றை மறத்தலாகாது. தம் மாநிலத் தலைநகரிலேயே தம் மொழி பின்னுக்குத் தள்ளப்படுகிறதோ என்னும் கவலை கன்னடரிடையே நெடுங்காலமாக நிலவி வந்தது. அதனை வெறும் பகைமை என்று ஒதுக்குவது நடுவு நிலைமை ஆகாது.

2000ஆம் ஆண்டு ஜூலை 30 அன்று கன்னடத் திரைக்கலைஞர் ராஜ்குமாரை வீரப்பன் கடத்திச் சென்றான். 108 நாட்கள் நீடித்த அச்சிறைப்பிடிப்பின்போது அவன் விதித்த நிபந்தனைகளுள் பெங்களூரிலுள்ள வள்ளுவர் சிலையைத் திறக்க வேண்டும் என்பதும் ஒன்று. இன்னா செய்யாமையைத் தனி அதிகாரமாக வகுத்தவருக்கு இன்னா செய்து சிறப்புத் தேட முற்பட்டது இவ்வரலாற்றின் பெருமுரண் எனலாம்.

3. கைம்மாறாக அமைந்த திறப்பு

2009ஆம் ஆண்டில் இரு மாநில அரசுகளும் ஓர் உடன்பாட்டிற்கு வந்தன. ஆகஸ்டு 9 அன்று பெங்களூரில் வள்ளுவர் சிலையைத் தமிழக முதலமைச்சர் மு. கருணாநிதி திறந்து வைத்தார். கர்நாடக முதலமைச்சர் பி. எஸ். எடியூரப்பா உடனிருந்தார். நான்கு நாட்களுக்குப் பின், ஆகஸ்டு 13 அன்று, சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞர் சிலையை எடியூரப்பா திறந்து வைத்தார்.

சர்வக்ஞர் திரிபதி என்னும் மூவடி யாப்பில் பாடியவர்; ஊர் ஊராகத் திரிந்த துறவி எனப் போற்றப்படுபவர். 'எல்லாம் அறிந்தவன்' என்று பொருள்படும் தம் பெயர் செருக்கினால் வந்ததன்று, ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு சொல் கற்றதனால் வந்தது என்னும் கருத்துடைய பாடல் அவர் பெயரால் வழங்குகிறது. குறளின் அறிவுடைமை அதிகாரமும், சொல்பவர் யார் என்று நோக்காது சொல்லப்பட்டதன் உண்மையையே நோக்க வேண்டும் என்கிறது. கூறுபவரின் மொழியைக் காரணமாகக் காட்டி இருவரில் ஒருவரை 18 ஆண்டுகள் மறைத்து வைத்தது இருவர் கொள்கைக்குமே மாறானது.

4. திறந்திருந்த நூல்

சிலைக்கு 81 ஆண்டுகள் முன்னரே குறள் கன்னட நாட்டை அடைந்திருந்தது. மைசூர் அரசின் தொல்லியல் துறைத் தலைவராகவும் 'கர்நாடக கவிசரிதெ'யின் ஆசிரியராகவும் விளங்கிய ஆர். நரசிம்மாச்சார், குறளின் 38 அதிகாரங்களைக் கன்னடச் செய்யுளாக்கி 1910இல் 'நீதிமஞ்சரி' என்னும் பெயரில் வெளியிட்டார். பி. எஸ். ஸ்ரீநிவாஸ் செய்த முழு மொழிபெயர்ப்பு 1982இல் வெளிவந்தது. இவற்றுக்கு ஈடாகத் தமிழ்நாட்டிடம் எதுவும் கேட்கப்படவில்லை. காவலும் உடன்பாடும் தேவைப்படவில்லை.

5. முடிவுரை

ஒப்புரவறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் மழையை எடுத்துக்காட்டி, கைம்மாறு கருதாத கடமையையே ஒப்புரவு என்கிறார். அவ்வளவுகோலின்படி 2009ஆம் ஆண்டின் சிலைப் பரிமாற்றம் நயத்தக்க அரசியலே ஆயினும் ஒப்புரவு ஆகாது. பகைமையைத் தணித்தமையால் அது பாராட்டுக்குரியது. ஆயினும் ஒப்புரவின் இலக்கணம் பொருந்துவது 1910ஆம் ஆண்டின் சிறு நூலுக்கே. அண்டை மொழியின் அறத்தைத் தம் மொழியினர்க்கு உரியதாக்கிய அப்பணிக்கு நிகராக, சர்வக்ஞரைத் தமிழர் எத்துணை கற்றுள்ளனர் என்னும் வினா நம்முன் நிற்கிறது. அயனாவரத்துச் சிலையைக் கடந்து செல்வோர் அவர் பாடல்களையும் தமிழில் பயிலும் நாளிலேயே அவ்வினாவிற்கு விடை கிடைக்கும்.