தோளிலிருந்து இடுப்புக்கு: கொழும்பின் பிரேத ஊர்தி

கொழும்பில் பிரேதத்துக்கு வண்டி தேவைப்பட்டதற்கு முதற்காரணம் தூரம். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கோட்டையில் இருந்த ஆங்கிலேயருக்குக் காலிமுகத்துக்கு அருகிலேயே இடுகாடு இருந்தது. அது மூடப்பட்டு, 1860களில் பொரளைக் கனத்தை பொது மயானமானதும் கணக்கு மாறிற்று. வடக்கே கொட்டாஞ்சேனையிலிருந்தும் தெற்கே வெள்ளவத்தையிலிருந்தும் கனத்தைக்கு ஏறத்தாழ ஐந்து கிலோமீற்றர். கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கருக்கு மாதம்பிட்டி மயானம் பக்கத்தில் இருந்ததால் அங்கே தோளே போதும். மற்றவர்களுக்குச் சக்கரம் வேண்டியிருந்தது.

முதலில் வந்தது குதிரை பூட்டிய சவ வண்டி. கண்ணாடிப் பக்கங்களும் கறுப்பு வர்ணமுமாக ஆங்கிலேயர் கொண்டுவந்த வடிவம் அது. அதன் உயிர் ஸ்பிரிங்கில் இருந்தது. 1804இல் லண்டன் வண்டித் தச்சர் ஒபதையா எலியட் நீள்வட்ட ஸ்பிரிங்குக்குக் காப்புரிமை பெற்றார். வளைந்த இரும்புத் தகடுகளை அடுக்கி, இரண்டு வில்லை வாயோடு வாய் வைத்தாற்போல் செய்தது. குழியின் அடியை அது வாங்கிக்கொண்டதால் பெட்டி அதிகம் குலுங்காது. ஆனால் வண்டியின் தளம் உயரம். திரும்பும்போது முன்சக்கரம் தளத்துக்கு அடியில் புகவேண்டும். அச்சும் ஸ்பிரிங்கும் அதற்குக் கீழே நிற்கவேண்டும். ஆகவே பெட்டியை ஏற்றுவோர் அதை நெஞ்சுக்கு மேலே தூக்கித்தான் உள்ளே தள்ளினார்கள். 1899இல் கோட்டையிலிருந்து பொரளைக்கும் கிராண்ட்பாசுக்கும் ட்றாம் ஓடத் தொடங்கியது. பொரளைப் பாதையில் போகும் வண்டிகள் அதற்குப் பிறகு தண்டவாளப் பள்ளத்தையும் சமாளிக்க வேண்டியிருந்தது.

மோட்டார் கார் இலங்கைக்கு வந்தது 1902இல். அமெரிக்காவில் மோட்டார் பிரேத ஊர்தி விற்பனைக்கு வந்தது 1909இல். அதன்பின் எங்கும் நடந்தது ஒன்றே: ஒரு காரின் அல்லது சிறு லொறியின் அடிச்சட்டத்தை எடுத்து, அதன்மேல் தச்சர் மரக்கூடு கட்டினார்கள். கூட்டுக்குள் உருளைகள் பதித்து, பெட்டி நகராமல் முளை வைத்தார்கள். எஞ்சின் முன்னே இருக்க, பின்சக்கரத்தைச் சுழற்றும் தண்டு தளத்துக்கு அடியில் நீளமாய் ஓடியது. அதனால் உயரப் பிரச்சினை தீரவில்லை. 1950களில் பிரான்சில் அதற்கு வழி பிறந்தது. சிட்ரோவன் நிறுவனம் 1955இல் வெளியிட்ட டி.எஸ். காரில் முன்சக்கரமே இழுத்தது. அடியில் தண்டு இல்லை. ஸ்பிரிங்குக்குப் பதிலாக எண்ணெயும் வாயுவும் வண்டியைத் தாங்கின. ஒரு நெம்புகோலை அசைத்தால் உடல் தாழும், மீண்டும் எழும். ஐரோப்பாவில் சிட்ரோவன் கார்கள் பிரேத ஊர்திகளாக மாற்றப்பட்டதற்கு இதைவிட நல்ல காரணம் தேவையில்லை.

அலங்காரத்துக்காக வண்டியைத் தாழ்த்துவது வேறு கதை. கலிபோர்னியாவில் சக்கர விளிம்புக்குக் கீழே வண்டியின் உடல் தொங்கக்கூடாது என்று 1958இல் சட்டம் வந்தது. மறு ஆண்டே ஒருவர் எண்ணெய் அழுத்தப் பம்புகளைப் பூட்டி, விரும்பியபோது தாழ்ந்து, பொலிசைக் கண்டதும் உயரும் காரைச் செய்தார். பழைய பிரேத ஊர்திகளை வாங்கி இப்படித் தாழ்த்துவோரும் அங்கே உண்டு.

பட்டை ஸ்பிரிங் வண்டியைத் தாழ்த்த இரண்டு வழி உண்டு. அடுக்கிலிருந்து தகடுகளை உருவலாம். அச்சுக்கும் அதன்கீழ் அமரும் ஸ்பிரிங்குக்கும் இடையே இரும்புக் கட்டை வைத்து நீண்ட யூ போல்ட்டால் இறுக்கலாம். முதல் வழி மலிவு. பிரேத ஊர்திக்கு ஆகாது. மரக்கூடும் கண்ணாடியும் பெட்டியும் சேர்ந்த பாரத்தில் குறைந்த தகடுகள் தொய்ந்து, குழியில் விழும்போது அச்சு சட்டத்தில் மோதும். கட்டை வைத்தாலும் வேலை முடிவதில்லை. சுழலும் தண்டின் கோணம் மாறிவிட்டால் ஆப்புத் தகடு செருகி அதைச் சரிசெய்ய வேண்டும். இல்லாவிட்டால் வண்டி நடுங்கும். ஷொக் அப்சோபரை நீளம் குறைந்ததாக மாற்றவும், டயர் மட்கார்டில் உரசுகிறதா என்று பார்க்கவும் வேண்டும்.

கொழும்பில் இந்த அலங்காரம் வேரூன்றவில்லை. மழை பெய்தால் தாழ்ந்த ஒழுங்கைகளில் தண்ணீர் நிற்கிறது; வேகத்தடைக்கும் குறைவில்லை. 1951ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் வண்டியின் அமைப்பை மாற்றுவதையும் கட்டுப்படுத்துகிறது. இங்கே பழைய வண்டியிடம் எதிர்பார்த்தது ஓட்டத்தை மட்டுமே. 1960களிலிருந்து 1977 வரை அந்நியச் செலாவணி நெருக்கடியால் இறக்குமதி சுருங்கியிருந்த காலத்தில், உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் கழற்றிய பாகங்களே ஒஸ்ரின், மொரிஸ் கார்களைத் தெருவில் வைத்திருந்தன. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்கு வழி திறந்தது. அந்த ஐந்தாண்டில் பழைய வண்டியை விற்பதைவிடத் திருத்துவது லாபமாயிற்று.

இன்று ஊர்தி மலர்ச்சாலையோடு வருகிறது. சென்னையில் இந்தச் சொல்லைக் கேட்பவர் பூக்கடை என்று நினைக்கக்கூடும். சிங்களத்தின் ‘மல் சாலாவ’ வழியே கொழும்புத் தமிழில் இது பிரேதத்தைப் பதப்படுத்திப் பார்வைக்கு வைக்கும் இடம். வெள்ளவத்தை மாடிக் குடியிருப்புகளில் செத்தவீடு நடத்த இடமில்லாததால், கிரியையைக்கூடப் பலர் மலர்ச்சாலையிலேயே செய்கிறார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்தால் ஊர்தி ஒழுங்கை முனையில் பின்கதவைத் திறந்து நிற்கும். நாலு பேர் பெட்டியை இடுப்பளவில் பிடித்து, கால்மாட்டை உருளையில் வைத்துத் தள்ள, அது தானே உள்ளே போய் நிற்கும். கனத்தையில் ஊர்தி நிற்கும் இடத்திலிருந்து தகன மேடை வரை பெரும்பாலும் பெட்டி இன்னமும் கையிலும் தோளிலுமே போகிறது.